முட்டுக்காட்டில் 'டொக்'னு ஒரு இடி: பம்பருக்கு கிளெய்ம் போடலாமா?

ஞாயிறு சாயந்திரம் ஈசிஆர் பக்கம் ஒரு ரவுண்டு. முட்டுக்காடு போட் ஹவுஸ் கிட்ட காரை ஓரங்கட்டும்போது சுவரில் 'டொக்'. முன் பம்பரில் விரிசல். உடனே தோணுறது என்ன? "இன்சூரன்ஸ் இருக்கே, கிளெய்ம் போட்டுடலாம்!"

கொஞ்சம் பொறுங்க. சின்ன இடிக்கு கிளெய்ம் போடாதீங்க என்பதுதான் என் கருத்து.

"மெதுவா இடிச்சதுக்கே உடையுதே"ன்னு வருத்தப்பட வேண்டாம். வெளியே தெரியறது வெறும் பிளாஸ்டிக் மூடி. பல கார்களில் அதுக்குப் பின்னால் நுரையும் உலோகச் சட்டமும் இருக்கும். மூடி வளைஞ்சு, நுரை நசுங்கி, இடியை வாங்கிக்கும். அதனால்தான் ரேடியேட்டர், ஹெட்லைட் மாதிரி விலை கூடின பொருள்கள் தப்பிக்குது.

இப்போ கணக்குக்கு வருவோம். பில் ரூ. 7,000, அதில் பம்பர் மட்டும் ரூ. 4,000-னு வச்சுக்குங்க. சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக் பாகத்துக்கு 50% தேய்மானம் கழிப்பாங்க. 1500 சிசி வரையிலான காருக்கு கட்டாயப் பிடித்தம் ரூ. 1,000. கைக்கு வர்றது அதிகபட்சம் ரூ. 4,000. ஜீரோ டெப் இருந்தாலும் ரூ. 6,000-க்கு மேல் வராது.

இழப்பது எவ்வளவு? மூணு வருஷமா கிளெய்ம் இல்லாததால் இப்போ உங்க நோ கிளெய்ம் போனஸ் 35%. கிளெய்ம் போடலைன்னா அடுத்து 45%, அப்புறம் 50%. போட்டா பூஜ்யம், மறுபடி 20, 25, 35, 45-னு ஏறணும். போனஸ் கழிக்காத ஓன் டேமேஜ் பிரீமியம் வருஷம் ரூ. 8,000-ன்னா, அடுத்த 5 ரினியூவலில் கூடுதலா கட்டுவது 3,600 + 2,400 + 2,000 + 1,200 + 400 = ரூ. 9,600. கார் மதிப்பு இறங்க இறங்க இது கொஞ்சம் குறையும். ஆனாலும் நாலாயிரம் வாங்க இவ்வளவு விடலாமா?

போனஸைக் காக்கும் ஆட்-ஆன் இருந்தா கணக்கு மாறும்; பாலிசியைப் படிங்க. மூடிக்குப் பின்னால் சட்டமோ ரேடியேட்டரோ அடிபட்டிருந்தா தயங்காம கிளெய்ம் போடுங்க. இன்சூரன்ஸ் அதுக்குத்தான்.

பம்பரைக் காப்பாத்த புல் கார்டு மாட்டலாமேன்னு யோசிக்காதீங்க. இடியை அது நேரா சேஸிஸுக்குக் கடத்தும். ஏர்பேக் சரியா விரிவதையும் கெடுக்கலாம். அப்படி மாட்டின வண்டிகள் மேல நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியாச்சு.

அந்தக் காசை மாசம் ரூ. 500-னு கார் செலவுக்குத் தனியா எடுத்து வைங்க. அடுத்த 'டொக்'குக்கு அது போதும்.