கம்ப்ரசருக்கும் மூச்சு வாங்க நேரம் வேண்டும்

கரண்ட் போய் வந்ததும் பேரன் ஏ.சி. ரிமோட்டைத் தேடுவான். "மூணு நிமிஷம் பொறுடா" என்பேன். "தாத்தாவுக்கு எல்லாத்துக்கும் ரூல்" என்று சலித்துக்கொள்வான். அந்த மூன்று நிமிடத்தின் விலை எனக்குத் தெரியும். அதற்கான பில்லை நானே பாஸ் செய்திருக்கிறேன்.

காரைக்காலில் நான் வேலை பார்த்த கட்டடம் ஒன்றில் (பெயர் வேண்டாம்) மொட்டை மாடியில் பெரிய சில்லர் இருந்தது. தண்ணீரைக் குளிரவைத்துக் குழாய் வழியே எல்லா அறைகளுக்கும் அனுப்பும் இயந்திரம். இரண்டு கம்ப்ரசர். சித்திரை வெயிலுக்குக் கணக்குப் போட்டு, அதற்கு மேலும் கொஞ்சம் கூட்டி வாங்கியது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அவ்வளவு குளிர் யாருக்கு வேண்டும்? ஓடத் தொடங்கிய இரண்டு நிமிடத்தில் தண்ணீர் குளிர்ந்துவிடும், இயந்திரம் நின்றுவிடும். குழாயில் இருப்பதோ கொஞ்சம் தண்ணீர். சட்டென்று சூடேறும், மறுபடி ஓடும். நாள் முழுக்க இதே கதை.

கிளம்பும்போது மோட்டார், ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். அந்தச் சூடு ஆறுவதற்குள் திரும்பவும் கிளப்பினால் காயில் கருகும். கேஸோடு வெளியே போன எண்ணெய் கம்ப்ரசருக்குத் திரும்பவும் நேரம் வேண்டும். திரும்பாவிட்டால் பேரிங் தேயும்.

மூன்று வருடத்தில் இரண்டு முறை காயில் கட்டினோம். இரண்டாம் முறை வந்த மெக்கானிக் சொன்னார்: "சார், மோட்டாரைக் கட்டிப் பிரயோஜனமில்லை. ஒரு டைமர் போடுங்க, நின்னா அஞ்சு நிமிஷம் கழிச்சுதான் கிளம்பணும். ஒண்ணு பத்தாதப்ப மட்டும் ரெண்டாவது வரட்டும். ஆன் ஆகுற சூட்டுக்கும் ஆஃப் ஆகுற சூட்டுக்கும் இடைவெளியைக் கூட்டுங்க. முடிஞ்சா லைன்ல ஒரு தண்ணித் தொட்டி சேருங்க." கேஸ் குறைந்தாலும், உப்புக்காற்றில் கண்டென்சர் அடைத்தாலும் இப்படித்தான் நின்று நின்று ஓடும், அதையும் பார்க்கவேண்டும் என்றார்.

ரிப்பேருக்குத் தனித் தலைப்பில் பணம் இருந்தது, தொட்டிக்கு இல்லை. "அனுமதிக்கலாம்" என்று பில்லில் குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். அவர் சொன்னதை ஒரு வரியாவது கோப்பில் ஏற்றியிருக்கலாம். ஏற்றவில்லை. பணம் என்னவோ ஊரார் பணம்தானே!

1876இல் ஷார்ல் தெலியே என்ற பிரெஞ்சுக்காரர் குளிர் இயந்திரம் பூட்டிய 'ஃப்ரிகோரிஃபிக்' கப்பலில் ரூவானிலிருந்து புவனோஸ் அயர்ஸுக்கு இறைச்சி அனுப்பினார். பள்ளிக்கூடத்தில் படித்தது. நடுக்கடலில் ரிப்பேருக்கு யாரைக் கூப்பிடுவது? பார்த்துப் பார்த்துத்தான் ஓட்டியிருப்பார்கள். கரையில் இருக்கும் நமக்குத்தான் அந்தக் கவலை இல்லை.

ஆகவே என் அபிப்பிராயம் இது. ஐஸ் ஆலையோ, ஆஸ்பத்திரியோ, கல்யாண மண்டபமோ, வாங்கும்போது எத்தனை டன் என்று மட்டும் கேட்காதீர்கள். அடைமழை நாளில் எவ்வளவு குறைவாக ஓடமுடியும் என்றும் கேளுங்கள். பில் பாஸ் செய்கிறவர், ஏன் மறுபடி எரிந்தது என்று ஒரு கேள்வி எழுதட்டும்.

பாடத்தை நாங்கள் படபடவென்று ஒப்பிக்கும்போது எங்கள் முசியே கையை உயர்த்தி "துஸ்மான், துஸ்மான்" என்பார். மெதுவாக என்று அர்த்தம். அந்த இயந்திரத்துக்காக அதைச் சொன்னவர் ஒரே ஒருவர். அவர் பேச்சைத்தான் நாங்கள் கேட்கவில்லை.