சுஷி வகுப்பில் ஒரு நெல் விவசாயி

டோக்கியோ போயிருந்தபோது ஒரு சுஷி வகுப்புல சேர்ந்தேன். புதுசா கத்துக்கிறவங்களுக்கானது. மீன் வெட்டத்தான் சொல்லித்தருவாங்கன்னு நினைச்சேன். பாதி நேரம் சோத்துக்கே போச்சு.

குட்டையான, ஒட்டுற அரிசி. வெந்த சோத்தை அகலமான மரத்தொட்டியில கொட்டி, வினிகர், சர்க்கரை, உப்பு கலந்து, மரக்கரண்டியால வெட்டுற மாதிரி கிளறி, விசிறியால ஆத்தணும். பிசையக் கூடாது. நான் பழக்கதோஷத்துல உருண்டையை அமுக்கிப் பிடிச்சிட்டேன்; சொல்லிக்கொடுத்த அம்மா சிரிச்சிட்டாங்க. ‘சுஷி’ங்கிற பேரே மீனைக் குறிக்கிறதில்லையாம், புளிப்புச் சோத்தைத்தானாம்.

எனக்கு உறைச்சது வேற. அங்கே அரிசிப் பையிலயே ரகம், விளைஞ்ச பகுதி, விளைஞ்ச வருஷம் அச்சடிச்சிருக்கு. கோஷிஹிகாரின்னு ரகத்தோட பேரைச் சொல்லி வாங்குறாங்க. நம்ம வயல்லயும் ஆடுதுறை 43, கோ 51னு பேர் இருக்கு. மூட்டையாகி உங்க கடைக்கு வர்றப்போ பெரும்பாலும் பிராண்டு பேர்தான் மிஞ்சுது. பேர் தொலைஞ்ச நெல்லுக்கு நாங்க எப்படி நல்ல விலை கேக்கிறது?

அடுத்த தடவை அரிசி வாங்கும்போது, “வெள்ளையா இருக்கா?”ன்னு மட்டும் கேக்காதீங்க. “என்ன ரகம், எந்த ஊரு நெல்லு?”ன்னும் கேளுங்க. பதில் வராது. ஆனா நாலு பேர் கேட்டா, கடைக்காரர் மில்லுல கேப்பாரு.