நல்லூர் மந்திரிமனையும் நமது கடமையும்

வீரமுனைச் சிந்தாயாத்திரைப் பிள்ளையாரை வணங்கி வளர்ந்த எம்போன்றோர்க்கு நல்லூர் அந்நிய ஊர் அன்று. சோழ நாட்டிலிருந்து வந்த சீர்பாததேவியின் மரக்கலம் வீரமுனையில் மேற்செல்லாது நின்றதென்பதும், அதனால் ஆங்குப் பிள்ளையாருக்குக் கோயில் எழுந்ததென்பதும் எம்மவர் ஐதிகம். அம்மரக்கலம் யாழ்ப்பாணம் நோக்கியே சென்றதென்று எமது பாட்டிமார் சொல்வர். அதனாற்போலும், சம்மாந்துறையிலிருந்து பழைய மாணவர் நால்வராய்ப் புறப்பட்ட நாம், கந்தனைத் தரிசித்தபின் நேரே சென்றது பருத்தித்துறை வீதியிலுள்ள மந்திரிமனைக்கே.

இரண்டு மாடிக் கட்டடம். ஐரோப்பியர் பாணியிலான முகப்பும், நம் நாட்டுத் தச்சர் கைவண்ணமாகிய மரவேலையும் ஒன்றையொன்று வெறாது நிற்கின்றன. மரத்தில் செதுக்கிய பூவேலையைப் பார்த்துக்கொண்டே எம்முள் ஒருவர் நெடுநேரம் நின்றுவிட்டார். அவர் தச்சர் குடியிற் பிறந்தவர். சுவர்களிலோ, வந்து போனவர் தத்தம் பெயரையும் காதலியர் பெயரையும் கரியாலும் ஆணியாலும் எழுதிவைத்திருந்தனர். அவற்றுட் பல நல்ல தமிழ்க் கையெழுத்து! படித்தவர் செய்த பாவம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

அண்மையிலேயே சங்கிலியன் தோப்பு வளைவும், யமுனை நதியின் நீர் கொணர்ந்து விடப்பட்டதென்று சொல்லப்படும் யமுனா ஏரியும் உள. ஒருகாலத்தில் ஓர் அரசிருக்கையின் பகுதிகள் எனக் கருதப்படும் இவற்றை, இடையிலெழுந்த வீதியும் வீடுகளும் மதில்களும் உறவறுத்துவிட்டன. தோப்பு என்பது பெயரளவில் நிற்கிறது.

2025 செப்டெம்பர் மழையில் மந்திரிமனையின் ஒரு பகுதி இடிந்து வீழ்ந்தது. நாம் கண்டது அதற்கு முன்னராதலின், செய்தியறிந்தபோது உற்றார் ஒருவர் நோயுற்றதறிந்தாற்போல வருந்தினோம். இனி எழும் வினா, எப்படித் திருத்துவது என்பதே. அரசர் காலத்து அரண்மனையாகவே அதனை மீட்டெழுப்பவேண்டும் என்போர் உளர். அவர்தம் ஆர்வத்தை மதிக்கின்றோம், கருத்தை ஏற்கமாட்டோம். சங்கிலி மன்னன் போர்த்துக்கேயரிடம் அரசிழந்தது 1619இல். இன்று நிற்கும் கட்டடமோ 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குரியதென ஆய்வாளர் சிலர் கருதுவர். மந்திரியின் மனை நின்ற நிலமென்னும் மரபு ஒருபுறமிருக்க, நிற்கும் சுவருக்கு இல்லாத வயதை ஏற்றிச் சொல்வது நம் வரலாற்றுக்கு நாமே இழைக்கும் தீங்கு. பொய்யொன்று வெளிப்படின், உண்மையான பத்தையும் பிறர் நம்பார். நூற்றாண்டு கடந்த தமிழ்த் தச்சரின் வேலை என்பது சிறிய பெருமையா?

மதுரைத் திருமலை நாயக்கர் மகாலைப் பார்த்தோர் இதனை உணர்வர். 1636இல் எழுந்த அம்மாளிகையின் பெரும்பகுதி பின்னர் அழிந்தது. 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபு எஞ்சியதைத் திருத்துவித்தார். அழிந்ததைக் கற்பனையால் நிரப்பாமையாலேயே எஞ்சியது இன்றும் நம்பத்தக்கதாய் நிற்கின்றது.

மற்றொன்று, சீமெந்து. சுண்ணாம்புச் சாந்தாற் கட்டிய சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். அதன்மேற் சீமெந்து பூசின், ஈரம் உள்ளேயே தங்கிச் சாந்தை உதிர்த்துவிடும். உள்ளே செருகும் இரும்புக் கம்பியோ கறள்பிடித்துப் பருத்துக் கல்லைப் பிளக்கும். எம்மூர்ப் பக்கத்துப் பழைய வளவு வீடுகள் சில, அன்போடு பூசிய சீமெந்தினாலேயே விரைவில் மாண்டதை நாம் கண்ணாற் கண்டோம். ஆகவே சுண்ணாம்பு வேலை தெரிந்த முதியோரைத் தேடிப்பிடித்து, இளைஞர் சிலரை அவர்பால் விடவேண்டும். பணம் பின்னரும் வரும், அம்முதியோர் காத்திரார்.

நமது கல்லூரியின் பழைய மாணவருள் பொறியியலாளரும் நில அளவையாளரும் பலர். உரியோரின் அனுமதி பெற்று, உயர்வகுப்பு மாணவரை உடனழைத்துச் சென்று, எஞ்சிய ஒவ்வொரு தூணையும் சாளரத்தையும் அளந்து வரைந்து, வீழ்ந்த மரங்களுக்கு இலக்கமிட்டு வைத்தல் இயலாத காரியமன்று. அடுத்த ஐப்பசி மழைக்கு முன்னர் ஒரு விடுமுறைக்காலம் இருக்கின்றது. யூபிலி விழாவின் எஞ்சிய நிதியை விருந்துக்குச் செலவிடுவதா என்று செயற்குழு ஆராயுமாயின், அளவைநாடாவும் வரைதாளும் வாங்க ஒரு சிறு தொகையை ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம்.