முப்பது ரூபாய்க்கு விலைபோகவிருந்த பெட்டி

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, போவன்பள்ளியில் எங்கள் தெருவுக்குப் பழைய சாமான் வாங்குபவரின் தள்ளுவண்டி வந்தது. நான் செய்தித்தாள்களை எடைபோட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து தராசின் அருகில் வைத்தார். பத்தாண்டுகளுக்கு முன் ஐயாயிரம் ரூபாய்க்கு அவர் வாங்கிய எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் அது. கேபிள் செருகும் வாய் தளர்ந்துபோய், கணினி அதனை அடையாளம் காண்பதில்லையாம். வண்டிக்காரர் முப்பது ரூபாய் தருவதாகச் சொன்னார்.

"அதில் என்ன சார் வைத்திருந்தீர்கள்?" என்று கேட்டேன்.

"பெரிதாக ஒன்றுமில்லை தம்பி. பழைய போட்டோக்கள், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், வருமான வரிக் கணக்கு, பாஸ்புக் நகல், அவ்வளவுதான்."

வங்கியில் பணிபுரியும் எவருக்கும் இந்தப் பதில் வயிற்றைக் கலக்கும். ஆதார், பான், கையொப்பம், கணக்கு எண் ஆகிய நான்கும் ஒரே பெட்டியில் இருந்தால், அதனை வாங்குபவருக்கு அது இரும்பு அன்று. பெட்டியை வண்டியிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

வணிகவியல் படித்தவன் என்பதால் மனம் உடனே கணக்குப் போட்டது. வருமான வரிக் கணக்கில் கணினிக்கு அனுமதிக்கப்படும் தேய்மானம் ஆண்டுக்கு 40 சதவீதம். ஐயாயிரம் ரூபாயை ஆண்டுதோறும் எஞ்சிய மதிப்பில் 40 சதவீதம் குறைத்துக்கொண்டே வந்தால், பத்தாம் ஆண்டின் முடிவில் நிற்பது ஏறத்தாழ முப்பது ரூபாய். வண்டிக்காரர் எந்தக் கல்லூரியிலும் படிக்காமலேயே ஏட்டு மதிப்பைச் சரியாகச் சொல்லிவிட்டார்! ஆனால் ஏட்டு மதிப்பு பெட்டிக்கு உரியது. உள்ளே இருப்பதற்கு உரியதன்று.

இத்தகைய பெட்டிகளில் முதலில் பழுதாவது எப்போதும் வன்தட்டாகவே இருப்பதில்லை. யு.எஸ்.பி. வாயோ, அதனை வன்தட்டுடன் இணைக்கும் சிறு மின்பலகையோ முதலில் கைவிடுவதும் உண்டு. மேசைமேல் வைத்து, தனி அடாப்டரால் மின்சாரம் தரும் பெரிய வகைப் பெட்டியைத் திறந்தால், உள்ளே இருப்பது பொதுவாக மேசைக் கணினியில் பூட்டப்படும் அதே மூன்றரை அங்குல வன்தட்டுதான். சாட்டா கேபிள் ஒன்றும் மின் இணைப்பு ஒன்றும் கொடுத்துவிட்டால் அது கணினிக்குள் வேலை செய்யத் தொடங்கும்.

இதனை ஏழைக்கேற்ற தந்திரம் என்று எண்ண வேண்டாம். 2011ஆம் ஆண்டு அக்டோபரில் தாய்லாந்தில் வந்த வெள்ளம் அங்கிருந்த வன்தட்டுத் தொழிற்சாலைகளை மூழ்கடித்தது. உலகெங்கும் உட்புற வன்தட்டுகளின் விலை இரண்டு மூன்று மடங்கு ஏறியது. கடைகளில் வெளிப்புறப் பெட்டிகள் மட்டும் அவ்வளவு ஏறவில்லை. பிறருடைய கோப்புகளைக் காப்பதையே தொழிலாகக் கொண்ட பேக்பிளேஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் அப்போது என்ன செய்தது தெரியுமா? ஊழியர்களும் அவர்தம் குடும்பத்தாரும் நண்பர்களும் கடை கடையாகச் சென்று வெளிப்புறப் பெட்டிகளை வாங்கி, உறையைப் பிரித்து, வன்தட்டுகளைத் தங்கள் சேமிப்பகங்களில் பூட்டினர். ஓர் ஆளுக்கு இரண்டுதான் என்று கடைகள் கட்டுப்பாடு விதித்தபோதும் வாங்கினர்.

எனவே என் கருத்து இது: பயன்பாட்டிலிருந்து விலகிய வெளிப்புற வன்தட்டை விற்காதீர்கள், மாற்றுச் சலுகையில் கடைக்கும் கொடுக்காதீர்கள். உங்கள் மேசைக் கணினிக்குள்ளேயே அதற்கு இடம் கொடுங்கள். சிக்கனம் ஒரு காரணம். அந்தரங்கம் அதைவிடப் பெரிய காரணம். எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலட்டும் பழைய சந்தையில் 158 வன்தட்டுகளை வாங்கி ஆராய்ந்து, முடிவுகளை 2003இல் வெளியிட்டனர். இயங்கியவை 129. அவற்றுள் முறையாக அழிக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. ஒரு வன்தட்டு ஏ.டி.எம். இயந்திரத்திலிருந்து கழற்றப்பட்டதாகத் தெரிந்தது. கணக்கு எண்களும் இருப்புத் தொகைகளும் அதில் அப்படியே இருந்தன. விற்றவர்களுள் பலர் அழித்துவிட்டதாகவே எண்ணியிருப்பார்கள். விரைவு ஃபார்மட் செய்வது புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழிப்பது போன்றது. பக்கங்கள் அப்படியே இருக்கும்.

என் யோசனையிலும் ஆபத்து உண்டு. அதனை மறைப்பது நேர்மையாகாது. சில ஆண்டுகளுக்கு முன் கையடக்கமான சிறிய பெட்டி ஒன்றை நான் ஆர்வத்துடன் பிரித்தேன். உள்ளே சாட்டா வாயே இல்லை, யு.எஸ்.பி. வாய் வன்தட்டின் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தது. உறையும் உடைந்தது, உத்தரவாதமும் போயிற்று. இரண்டரை அங்குலச் சிறிய பெட்டிகளில் இந்த அமைப்பு மிகுதி. அவற்றைப் பிரிக்காமல் இருப்பதே நலம். இன்னும் சில பெட்டிகளில், நடுவிலுள்ள மின்பலகை எழுதும்போதே தரவைக் குறியாக்கம் செய்துவிடும். பலகையை நீக்கிய பின் வன்தட்டு நலமாகவே இருக்கும். கோப்புகள்தாம் படிக்க இயலாத குப்பையாகத் தெரியும். அத்தருணத்தில் விண்டோஸ் "ஃபார்மட் செய்யட்டுமா?" என்று பணிவுடன் கேட்கும். ஆம் என்று சொல்லிவிடாதீர்கள். பழைய பலகையையும் எறிந்துவிடாதீர்கள். இணைப்பு வேலை செய்யும்போதே எல்லாவற்றையும் வேறோரிடத்தில் படியெடுத்துவிட்டுப் பிறகு திருப்புளியைத் தொடுவதே முறை.

பூட்டிய பின் வன்தட்டு சுழலவே இல்லையென்றாலும் உடனே கைவிட வேண்டாம். அண்மைக்கால வன்தட்டுகள் சிலவற்றில், மின் இணைப்பின் மூன்றாம் ஊசியில் 3.3 வோல்ட் வந்தால் அணைந்தே இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு உண்டு. பழைய பவர் சப்ளைகளோ அந்த மின்சாரத்தை எப்போதும் அனுப்பும். அந்த ஊசிக்கு மின்சாரம் செல்லாத தரமான மாற்று கேபிள் ஒன்று போதும். செகந்திராபாத் பார்க் லேனில் உள்ள செனாய் டிரேட் சென்டரில் கேட்டுப் பாருங்கள். கணினிப் பொருளுக்கு அங்கே கடைகளுக்குப் பஞ்சமில்லை.

சுழலத் தொடங்கியதும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளால் அதன் நாடியைப் பாருங்கள். எத்தனை மணி நேரம் உழைத்தது, எத்தனை பகுதிகள் பழுதாகி மாற்றப்பட்டன என்பவை தெரியும். பழுதான பகுதிகள் வாரந்தோறும் கூடினால் அதற்கு ஓய்வு கொடுக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. நலமாக இருந்தாலும் பத்தாண்டு உழைத்த வன்தட்டை எதற்கும் ஒரே இருப்பிடமாக்குவதை நான் ஏற்கமாட்டேன். இரண்டாம் படிக்கு, திரைப்படங்களுக்கு, பாடல்களுக்கு அது போதும். விண்டோஸ் இருக்க வேண்டிய இடம் புதிய எஸ்.எஸ்.டி.தான். இறுதியாக விடைகொடுக்கும்போது விரைவு ஃபார்மட்டைத் தவிர்த்து முழு ஃபார்மட் செய்யுங்கள். சுழலாததைத் தட்டு வளையும்வரை துளையிட்டோ அடித்தோ சிதைத்து, மின்கழிவுக்கென்றே பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்த்துவிடுங்கள்.

பெரியவரின் பெட்டியை அன்று மாலை என் கணினியில் பூட்டினேன். குறியாக்கம் இல்லாத வகையாக இருந்தது எங்கள் நல்லூழ். கோப்புறைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. பத்திரத்தின் ஸ்கேன், பாஸ்புக் நகல்கள் எல்லாம் இருந்தன; பெரியவர் அவற்றைப் பார்க்கவே இல்லை. வீடு புகுவிழாவில் மறைந்த தம் மனைவி பால் காய்ச்சிக்கொண்டிருந்த படத்தின் முன் வெகுநேரம் நின்றார். பிறகு, "தம்பி, இதை என் கணினிக்குள்ளேயே வைத்துவிட முடியுமா? கேபிள் எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார்.