பாங்கிக் கோப்பும் தேதிக் குழப்பமும்

நமது சங்கங்களில் பலவற்றின் கணக்குகள் பேரேட்டை விட்டுக் கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டன. பாங்கியின் வரவு செலவு விவரமும் கோப்பாகவே வந்து சேருகிறது. அதனைக் கணக்கு மென்பொருளில் ஏற்றிவிட்டால், கணக்கர் பல நாள் உட்கார்ந்து எழுத வேண்டிய வேலை சில நிமிஷங்களில் முடிந்துவிடுகிறது. இந்த வசதி வேண்டாமென்று சொல்வார் எவருமிலர். ஆயினும் இதனுள் ஒரு புரை இருக்கிறது. அது கணக்கரின் மேஜையோடு நிற்பதன்று; அங்கத்தினரின் பணத்தையும் தொடுவது. ஆகவேதான் இதனை எழுத முற்பட்டேன்.

05/08/2025 என்பதை நாம் ஆகஸ்டு 5 என்று படிப்போம். அமெரிக்கரோ மாதத்தை முன்னே எழுதும் வழக்கமுடையவர். அவர்கட்கு அது மே 8. கம்ப்யூட்டரின் வட்டார அமைப்பு அமெரிக்க ஆங்கிலம் என்று விடப்பட்டிருந்தால், எக்செல் போன்ற மென்பொருளும் மே 8 என்றே படித்துக்கொள்ளும். யாரையும் கேட்பதில்லை, எச்சரிக்கையும் தருவதில்லை.

13/08/2025 என்று வந்தால் மட்டும் அது திகைத்து நிற்கிறது. பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லையல்லவா? அதனைத் தேதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிடுகிறது. கணக்கர் கண்ணில் படுவது இந்தப் பிழை ஒன்றுதான். 365 நாட்களில் இவ்வாறு திகைக்க வைப்பவை 221. மாதந்தோறும் முதல் 12 தேதிகளாக எஞ்சுபவை 144. அவற்றுள் நாளும் மாதமும் ஒரே எண்ணாக அமைந்த 12 நாட்களுக்குத் தீங்கில்லை. மிச்சமுள்ள 132 நாட்களின் வரவு செலவும் ஓசையின்றி வேறு மாதத்திற்குப் போய்விடும்.

“திகைத்து நிற்பவற்றைக் கையால் திருத்திக்கொண்டால் ஆயிற்று, இதற்கு ஏன் இத்தனை பேச்சு?” என்று கேட்கும் நிர்வாகிகள் உண்டு. இதனை நான் முற்றும் மறுக்கிறேன். கண்ணுக்குத் தெரிந்த பிழையைத் திருத்தியதும், கோப்பு முழுவதும் செம்மையாகிவிட்டது என்ற நம்பிக்கை பிறந்துவிடுகிறது. தெரியாத பிழைகள் அந்த நம்பிக்கையின் மறைவில் தங்கிவிடுகின்றன. போதாக்குறைக்கு மொத்தத் தொகையும் பொருந்திவிடும். தேதி புரண்டதே ஒழியத் தொகை புரளவில்லை. ஆகவே ஐந்தொகை இடிக்காது.

இதனால் விளையும் நஷ்டம் என்ன? ஓர் அங்கத்தினர் 50,000 ரூபாய் பயிர்க்கடனை 2025 மே 8ஆம் தேதி பாங்கி மூலம் திருப்பிச் செலுத்தினார் என்று வைத்துக்கொள்வோம். தவணை ஜூன் 30. பாங்கிக் கோப்பில் 08/05/2025 என்றிருப்பது சங்கக் கணக்கில் ஆகஸ்டு 5 ஆகிவிட்டது. இடையே 89 நாட்கள். நூற்றுக்கு ஆண்டுக்கு 7 வீதம் வட்டி கணக்கிட்டால், அவர் தலையில் விழுவது சுமார் 853 ரூபாய். அது மட்டுமோ? தவணைக்குள் கட்டியவர் தவணை தவறியவராகிறார்; நாணயமாகக் கட்டியோர்க்கு உரிய வட்டிச் சலுகையும் கைநழுவுகிறது. மறுபுறம், ஆகஸ்டு 5இல் கட்டியவர் மே 8இல் கட்டியதாகப் பதிவானால் நஷ்டம் சங்கத்திற்கு. ஜூலை முதல் மூன்று நாட்களின் வரவோ ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சு ஏழாம் தேதிகளுக்குப் போய், முடிந்துபோன நிதியாண்டில் நுழைகிறது. தணிக்கையாளர் கேட்டால் என்ன பதில் சொல்வது? நூல் கொள்முதலுக்கும் நெசவுக் கூலிக்கும் இதே கதிதான்.

நம் முன்னோர் ஏடுகளில் ஆண்டு, மாதம், நாள் மூன்றுக்கும் தனித்தனிக் குறியிட்டு, மாதத்தைப் பெயராலேயே எழுதி வைத்தனர். ஐப்பசியை எவரும் நாளென்று மயங்க வழியில்லை. படித்த விஞ்ஞானிகளும் இந்த வலையில் சிக்கியவர்களே. சில மரபணுக்களின் சுருக்கப் பெயர்கள் “மார்ச் 1”, “செப்ட் 1” என்பன போன்று இருந்தமையால், எக்செல் அவற்றைத் தேதிகளாக மாற்றிக்கொண்டே இருந்தது. இறுதியில் மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழுவினர் அப்பெயர்களையே மாற்றி, 2020இல் புதிய விதிகளை வெளியிட்டனர்!

நாம் செய்யத்தக்கது அத்தனை கடினமன்று. பாங்கிக் கோப்பை நேரே இருமுறை அழுத்தித் திறத்தல் கூடாது. மென்பொருளின் தரவு இறக்குமதி வழியாகக் கொண்டுவந்து, தேதிப் பத்தி நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையுடையது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வட்டார அமைப்பை இந்தியாவுக்கு மாற்றிவைப்பதும் நன்று. ஏற்றிய பின் தேதிப் பத்தியைப் பார்த்தால், தேதியாக ஏற்கப்பட்டவை வலப்புறமும் எழுத்தாக நின்றவை இடப்புறமும் ஒதுங்கியிருக்கும். இரண்டும் கலந்திருந்தால் முழுவதையும் தள்ளிவிட்டு, மூலக் கோப்பிலிருந்து மீண்டும் தொடங்குவதே முறை. ஜூலை மாத விவரத்தில் டிசம்பர் தலைகாட்டினாலும் அவ்வாறே. தேதிக்குப் பதிலாக 45874 போன்ற எண் தோன்றினால் அஞ்ச வேண்டாம். 1900 ஜனவரி முதல் தேதியை ஒன்றாகக் கொண்டு வைத்த நாள் எண்ணிக்கை அது. காட்டும் வடிவத்தை மாற்றினால் 2025 ஆகஸ்டு 5 என்று தெரியும்.

ஆயினும் இந்தப் பொறுப்பு முழுவதையும் கணக்கர் மீது சுமத்துவது நியாயமன்று. சர்வதேசத் தர நிறுவனம் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையை ஐ.எஸ்.ஓ. 8601 என்னும் தரமாக 1988இலேயே வெளியிட்டுவிட்டது. 2025-08-05 என்று எழுதினால் மயக்கத்திற்கு இடமில்லை. கோப்பை இவ்வடிவில் தரும்படி ஒரு சங்கம் தனித்துக் கேட்டால் பாங்கி காது கொடுக்குமோ என்னவோ. ஒரு வட்டாரத்துச் சங்கங்கள் யாவும் நிர்வாகக் குழுத் தீர்மானத்துடன் சேர்ந்து கேட்டால் எளிதில் தட்டிக்கழிக்க இயலாது. கூட்டுறவு என்று பெயர் வைத்துக்கொண்டு இதைக்கூடக் கூடிக் கேளாவிடில் எப்படி?

தீர்மானம் நிறைவேறும்வரை அங்கத்தினர்கள் வாளாவிருக்க வேண்டியதில்லை. தம் கடன் கணக்கின் நகலைக் கேட்டுப் பெற்று, கையிலுள்ள ரசீதுகளுடனும் பாஸ் புத்தகத்துடனும் ஒத்துப் பார்க்கலாம். மாதத்தின் முதல் 12 தேதிகளில் கட்டியவற்றை முதலில் பார்ப்பது நலம்.