சிரிக்காமல் மேசைக்குக் கீழே போங்கள்!

குட்டீஸ், உங்களிடம் மட்டும் ஒரு ரகசியம் சொல்கிறேன். ஓர் அலுவலகமே பார்த்துக்கொண்டிருக்க, லிப்டின் முன்னால் நின்று அசடு வழிந்தவன் நான்!

வேலை காரணமாகச் சில ஆண்டுகள் ஜப்பானின் யோகோஹாமா நகரில் குடும்பத்தோடு இருந்தேன். அலுவலகத்தில் சேர்ந்த புதிது. ஒருநாள் ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். ஜப்பானிய மொழி எனக்கு அப்போது அரைகுறை. திரும்பிப் பார்த்தால், மேலதிகாரி உட்பட அத்தனை பேரும் மேசைக்குக் கீழே! கோட்டும் டையும் அணிந்த பெரியவர்கள் தவழ்வதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அது அடங்குவதற்குள், "ஐயோ, நிஜமான பூகம்பமோ!" என்று பயம் பிடித்துக்கொண்டது. பையைத் தூக்கிக்கொண்டு லிப்டை நோக்கி ஓடினேன். பக்கத்து மேசைக்காரர் ஓடிவந்து என் கையைப் பிடித்து நிறுத்தி, தலையில் ஒரு ஹெல்மெட்டை மாட்டிவிட்டு, மாடிப்படியைக் காட்டினார்.

அது வெறும் ஒத்திகைதான். நல்லவேளை! நிஜமாக இருந்திருந்தால், லிப்ட் நடுவழியில் நின்று நான் உள்ளே மாட்டிக்கொண்டிருப்பேன்.

மாலையில் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். மூன்றாம் வகுப்பு படித்த என் மகள், "அப்பா, உங்களுக்கு ஓ-கா-ஷி-மோ தெரியாதா?" என்று கேட்டாளே பார்க்கலாம்! தள்ளாதே, ஓடாதே, பேசாதே, திரும்பிப் போகாதே. ஜப்பானிய மொழியில் இந்த நான்கின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் 'ஓகாஷிமோ' வரும். 'ஓகாஷி' என்றால் அங்கே மிட்டாய், பலகாரம். அப்புறம் எந்தக் குழந்தைக்கு மறக்கும்?

அவள் பள்ளியில் ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு மெத்தை இருக்கும். சாதாரண நாளில் உட்காரும் மெத்தை. ஆபத்து நேரத்தில் அதையே விரித்துத் தலையில் மாட்டினால் முக்காடு போல ஆகிவிடும். மேலிருந்து ஏதாவது விழுந்தால் தலைக்கு அடி குறையும். மேசைக்குக் கீழே போனதும் அதன் கால்களை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். ஏன் தெரியுமா? தரை ஆடும்போது மேசையும் நகர்ந்து போய்விடும். நீங்கள் மட்டும் வெட்டவெளியில் உட்கார்ந்திருப்பீர்கள்!

செப்டம்பர் 1 வந்தால் நாடு முழுவதும் ஒத்திகை நடக்கும். 1923ஆம் ஆண்டு அதே தேதியில், பகல் 11.58க்கு, டோக்கியோ, யோகோஹாமா பகுதியைப் பெரும் பூகம்பம் உலுக்கியது. வீடுகளில் மதியச் சமையல் நடந்த நேரம். அடுப்பிலிருந்து தீ பரவியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தீயில் சிக்கியவர்கள்.

ஊரிலிருந்து போனில் பேசிய என் அத்தை, "சின்னப் பிள்ளைகளை இப்படியா பயமுறுத்துவது?" என்று கோபித்துக்கொண்டார். முதலில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இப்போது அப்படி நினைக்கவில்லை. அன்றைக்குப் பயந்து ஓடியது யார்? ஒத்திகை பார்த்த என் மகளா, பார்க்காத நானா?

யோகோஹாமாவுக்கு வடக்கே வெகு தொலைவில், கடலோரத்தில், கமாய்ஷி என்ற ஊர் இருக்கிறது. 2011 மார்ச் 11 அன்று பிற்பகல் 2.46க்குப் பெரும் பூகம்பம். அடுத்து சுனாமி வரும் என்பது அங்குள்ள நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்குத் தெரியும். பலமுறை பழகியவர்கள். மேட்டை நோக்கி ஓடினார்கள். பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் சிறுவர்களை மூன்றாவது மாடிக்கு ஏற்றியிருந்தார்கள். அண்ணன்களும் அக்காக்களும் ஓடுவதைப் பார்த்ததும் அவர்களும் கிளம்பிவிட்டார்கள். பெரியவர்கள் சின்னவர்களின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒத்திகையில் குறித்திருந்த இடத்தை அடைந்த பிறகும் நிற்கவில்லை. பின்னால் இருந்த சரிவில் மண் சரிந்துகொண்டிருந்தது. "இது போதாது" என்று இன்னும் மேலே, அதற்கும் மேலே ஏறினார்கள். இரண்டு பள்ளிகளையும் கடல் மூழ்கடித்தது. சேர்ந்து ஓடிய ஏறத்தாழ 570 பிள்ளைகளும் பிழைத்தார்கள்.

இதை 'கமாய்ஷியின் அதிசயம்' என்று பத்திரிகைகள் எழுதின. எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. படித்துவிட்டுப் பரீட்சை எழுதி நூறு மதிப்பெண் வாங்கியவனை 'அதிர்ஷ்டக்காரன்' என்றால் அவனுக்குக் கோபம் வராதா?

ஒத்திகைகளில் எனக்கு ஒரு குறை உண்டு. "இன்று பத்தரை மணிக்கு" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது. எல்லாரும் வகுப்பில் தயாராக இருப்பார்கள். பூகம்பம் நேரம் சொல்லிவிட்டா வரும்? சில பள்ளிகளில் சொல்லாமல், விளையாட்டு இடைவேளையில் மணி அடிப்பார்கள். மைதானத்தில் மேசை இல்லையே, என்ன செய்வது? அவரவரே யோசிக்க வேண்டும். அதுதான் சரியான ஒத்திகை என்பேன்.

மூன்று ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பினோம். இங்கே புதுப் பள்ளியில் முதல் நாளே என் மகள், "மிஸ், தீப்பிடித்தால் நாம் எந்த வழியாகப் போக வேண்டும்?" என்று கேட்டிருக்கிறாள். வகுப்பே சிரித்ததாம். பாவம், முகம் சிவந்து வீட்டுக்கு வந்தாள்.

ஆனால் அந்த ஆசிரியை சிரிக்கவில்லை. மறுநாள் பிள்ளைகளை வரிசையாக அழைத்துக்கொண்டு, மாடிப்படி இறங்கி, பின்பக்கக் கேட் வரை போயிருக்கிறார். அங்கே பெரிய பூட்டு ஒன்று தொங்கியது. சாவி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. வாட்ச்மேன் தேடிக் கொண்டுவர இருபது நிமிடம் ஆனதாம்.

இப்போது அந்தச் சாவி கேட்டுக்குப் பக்கத்திலேயே, வாட்ச்மேன் அறையின் சுவரில் ஓர் ஆணியில் தொங்குகிறது. உங்கள் பள்ளியின் பின்பக்கக் கேட் சாவி எங்கே இருக்கிறது, குட்டீஸ்?