பெயரை மாற்றினால் படம் மாறுமா?

சப்ரகமுவ மாகாணத்து டவுன் கடைகளிலும் தோட்டத்துப் பிள்ளைகளின் லேப்டாப்களிலும் ஒரு கைவைத்தியம் ஓடிக்கொண்டிருக்கிறது. போட்டோஷாப்பில் படம் திறக்கவில்லையா? கோப்புப் பெயரின் கடைசி எழுத்துகளை அழித்துவிட்டு ‘ஜேபிஜி’ என்று போடு. அப்படியும் திறக்காவிட்டால் படம் கெட்டுவிட்டது. மற்றப் படங்களும் திறக்கவில்லையென்றால் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடு. மூன்றுமே தவறு. முதல் தவறுதான் மற்ற இரண்டையும் பெற்றெடுக்கிறது.

ஒரு படம் எந்த வகை என்பதை அதன் பெயர் தீர்மானிப்பதில்லை. கோப்பின் தொடக்கத்தில் உள்ள சில பைட்டுகள் தீர்மானிக்கின்றன. 1992இல் வந்த ஜேபெக் (ஜேபிஜி) ஒரு விதமாகத் தொடங்கும். 1996இன் பிஎன்ஜியும் 2010இல் கூகுள் வெளியிட்ட வெப்பியும் வேறு விதமாகத் தொடங்கும். போட்டோஷாப்பிலும் ஜிம்பிலும் ஒவ்வொரு வகையையும் வாசிக்கத் தனித்தனிப் பகுதி உண்டு. பெயரை மாற்றுகிறவர் படத்தை மாற்றவில்லை; அதைத் தவறான பகுதியிடம் அனுப்பிவைக்கிறார். டஸ்ட் தேயிலை கட்டிய சாக்கில் முழு இலைக்குரிய ஓ.பி. என்று முத்திரை குத்தினால் உள்ளே இருக்கும் தூள் இலையாகிவிடுமா?

வெப்பி கோப்புக்கு ஜேபிஜி என்று பெயரிட்டு ஜிம்பின் பழைய பதிப்புகளில் திறந்தால், ‘இது ஜேபெக் கோப்பு அல்ல, 52, 49 என்று தொடங்குகிறது’ என்ற கருத்தில் ஒரு செய்தி வரும். அந்த இரண்டு எண்களும் ‘ஆர்’, ‘ஐ’ என்ற எழுத்துகளின் குறியீடுகள். வெப்பி தொடங்குவதே அப்படித்தான். 89, 50 என்று காட்டினால் அது பிஎன்ஜி. நோய் என்னவென்று மென்பொருளே சொல்லிவிடுகிறது. நாமோ அதை வாசிக்காமல் ‘ஓகே’யை அழுத்திவிட்டுப் படத்தைக் குறை சொல்கிறோம்.

“பெயரை மாற்றினால் சில நேரம் திறக்கிறதே?” என்பார்கள். திறக்கும். பிரவுசர் போன்றவை பெயரை நம்பாமல் உள்ளே பார்த்து வகையைக் கண்டுகொள்கின்றன. அது அந்த மென்பொருளின் கெட்டித்தனம். வைத்தியத்தின் பலன் அல்ல.

சிக்கல் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்ததுதான். கட்டாரிலும் குவைத்திலும் வேலை செய்யும் உறவினர் ஐபோனில் எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் ‘டொக்கியுமெண்ட்’ ஆக அனுப்பினால், அது ஹெய்க் வடிவிலேயே வந்து சேரலாம். 2017இன் ஐஓஎஸ் 11 முதல் ஐபோன் அந்த வடிவைப் பயன்படுத்துகிறது. இணையத்தில் இறக்கும் படங்களில் பல வெப்பி. போட்டோஷாப்பின் 23.2 பதிப்பு, அதாவது 2022 பெப்ரவரி, வரும்வரை வெப்பிக்குத் தனிச் செருகுநிரல் போட வேண்டியிருந்தது. கடைகளில் ஓடும் பழைய பதிப்புகளுக்கு இன்றும் அதே நிலைதான். 2018இல் வந்த ஜிம்ப் 2.10 இலவசம், வெப்பியை நேராகத் திறக்கும். திறந்து, ஜேபெக்காக ‘எக்ஸ்போர்ட்’ செய்தால் வேலை முடிந்தது. பெயரை மாற்றுவதற்கும் வடிவை மாற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான்.

இறந்துபோன அம்மாவின் ஒரே படத்தை அஞ்சலி பேனருக்காகக் கொண்டுவருகிறவர் அரைப்பேரை, அதாவது அரைநாள் சம்பளத்தை, இழந்து, பஸ்ஸுக்குக் காசு கொடுத்து டவுனுக்கு இறங்கியவர். அவரிடம் “படம் கெட்டுப்போச்சு” என்று சொல்வது தொழில்நுட்பத் தீர்ப்பு அல்ல, சோம்பல். அப்படிச் சொல்கிற கடையில், கோப்பு உண்மையில் எந்த வகை என்று கேளுங்கள். பதில் தெரியாதவருக்குக் காசு கொடுக்காதீர்கள், படத்தையும் அழித்துவிடாதீர்கள்.